சேக்காட்டில் பறக்காத கூரை

புயலை ஆராய்ச்சி செய்கிறவன் என்று சொல்லிக்கொண்டு நான் ஆவடி ரயில் நிலையத்தில் இறங்கியபோது, என் வாழ்நாளில் ஒரு புயலைக்கூட நேரில் பார்த்ததில்லை. நான் பிறந்து வளர்ந்த ஈப்போவில் சாயங்காலம் நாலு மணிக்கு மழை வரும், ஐந்தரைக்குப் போய்விடும். மலேசியாவில் புயல் என்பது பேப்பரில் வருகிற வெளியூர்ச் சங்கதி. மேல்படிப்புக்குப் போன அமெரிக்கப் பல்கலைக்கழகமோ புயல்கள் வந்து மோதுகிற கடலோரத்தில்தான் இருந்தது. ஆனால் நான் போய்ச் சேர்ந்ததிலிருந்து இரண்டு வருஷமாக ஒவ்வொரு புயலும் எங்களை விட்டு நூறு மைல் விலகியே கரையேறியது. என் பேராசிரியர் இதை என்னுடைய ராசி என்று சொல்வார். பாதி விளையாட்டு, பாதி வருத்தம்.

அவருடைய ஆராய்ச்சி கூரைகளைப் பற்றியது. காற்று கூரையைத் தள்ளிக்கொண்டு போவதாகத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். உண்மையில் அது கூரையை மேலே உறிஞ்சி எடுக்கிறது. மூலையிலும் ஓரத்திலும் அந்த உறிஞ்சல் மிக அதிகம். இதைக் கண்டுபிடிக்க அவர் ஒரு பெரிய காற்றுக் கூண்டு கட்டி, அதற்குள் பொம்மை வீடுகளை வைத்து, வருஷக்கணக்காகக் காற்றடித்துக்கொண்டிருந்தார். தொண்ணூறுகளின் தொடக்கத்தில் ஒரு மழைக்காலத்தில், சென்னைக்கு மேற்கே சிமென்ட் ஷீட் போட்ட கூரைகள் வரிசையாகப் பறந்துவிட்டன என்ற செய்தி அவர் காதுக்கு எட்டியது.

"உனக்குத்தான் அந்த மொழி தெரியுமே, போய்ப் பார்த்து வா" என்றார்.

எனக்கு அந்த மொழி தெரியும் என்றுதான் நானும் நம்பியிருந்தேன்.

ஸ்டேஷன் வாசலில் சேகர் என்ற ஆட்டோக்காரர் என் பெட்டியைப் பிடுங்கிக்கொண்டார். "எங்க போவணும் சார்?" சேக்காடு பக்கம் தங்க இடம் வேண்டும் என்றேன். "குந்து" என்றார். எங்கள் ஊரில் தரையில்தான் குந்துவோம். நான் ஆட்டோவைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். தரையில் தண்ணீர் தேங்கியிருந்தது. "இன்னா சார் யோசிச்சிகினு கீற, உள்ள ஏறிக் குந்து" என்று பின்னால் தட்டி ஏற்றினார்.

வழியில் என் மடியிலிருந்த படிவக் கட்டைப் பார்த்துவிட்டு, "நெவாரணமா சார்?" என்று கேட்டார். இல்லை, ஆராய்ச்சி என்றேன். கூரை எப்படிப் போனது என்று கணக்கெடுக்க வந்திருக்கிறேன் என்றேன். அவர் தலையாட்டினார். அப்புறம் இரண்டு டீக்கடை வாசலில் வண்டியை நிதானப்படுத்தி, தலையை வெளியே நீட்டி, "ஆபீசர் வந்துகீறாரு. கூரை போனவங்கல்லாம் ரெடியா இருங்க" என்று அறிவித்தார். நான் மறுத்த சத்தம் இன்ஜின் சத்தத்தில் போய்விட்டது.

ஒரு மெஸ்ஸின் மாடியில் எனக்கு அறை கிடைத்தது. மறுநாள் காலையில் கீழே இறங்கி இட்லியும் வடகறியும் சாப்பிட்டேன். வடகறியை நான் முதலில் சாம்பார் கெட்டுப்போய்விட்டதோ என்று சந்தேகப்பட்டு, இரண்டாவது கரண்டியில் மனம் மாறி, நாலாவது இட்லி கேட்டேன். மெஸ்காரர் ஐந்தாவதையும் வைக்க வந்தார். கையை இலைக்கு மேல் பிடித்து, "போதும், பசியாறிவிட்டேன்" என்றேன். ஈப்போவில் பெட்டிக்கடையிலும் அப்படித்தான் சொல்வோம். மெஸ்காரர் கரண்டியை அப்படியே பிடித்தபடி நின்றார். பிறகு உள்ளே திரும்பி, "ஏ, இங்க வந்து கேளேன், கோயில்ல பேசற மாதிரி பேசறாரு" என்று மனைவியைக் கூப்பிட்டார். அவர் வந்ததும் நான் மறுபடியும் சொல்லிக் காட்ட வேண்டியிருந்தது.

சேக்காட்டில் நான் பார்க்க வேண்டிய தெருவில் பன்னிரண்டு வீடுகள் ஒரே வரிசையில், ஒரே அளவில், ஒரே மேஸ்திரி கட்டியவை. பாதிப் பேர் ராணுவத் தொழிற்சாலைகளிலும் மீதிப் பேர் அம்பத்தூர்ப் பட்டறைகளிலும் வேலை செய்கிறவர்கள். நிவாரணமாக வந்த புது ஷீட்டுகள் வாசல்களில் அடுக்கியிருந்தன. சில வீடுகளில் அவற்றைத் தூக்கி மேலே வைத்திருந்தார்கள். நான் போவதற்கு முன்பே சேகரின் அறிவிப்பு போய்ச் சேர்ந்திருந்தது. தெருவே வாசலில் நின்றது.

பேராசிரியர் கொடுத்த படிவத்தில் நாற்பது கேள்விகள். முதல் வீட்டில் பக்தவச்சலம் என்ற தையல்காரர். "காற்று எந்தத் திசையிலிருந்து வந்தது?" என்று கேட்டேன்.

"மேலேர்ந்து."

"உங்கள் கூரை எவ்வளவு தூரம் போய் விழுந்தது?"

"ஒரு பீடி தூரம் கீது சார். நாடார் கடை மேல குந்திகினு இருந்துச்சி. போயி எறக்கிகினு வந்தேன்."

மீட்டர் என்று போட்டிருந்த கட்டத்தில் நான் என்ன எழுதுவது? 'ஒரு பீடி' என்றே எழுதினேன். பின்னால் பேராசிரியர் அதற்குப் பக்கத்தில் சிவப்பு மையில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

பதினொரு வீடு முடித்தபோதுதான் பன்னிரண்டாவதைக் கவனித்தேன். அதன் கூரை பழையது, பாசி படிந்தது, ஒரு விரிசல்கூட இல்லாமல் அப்படியே இருந்தது. அதே மேஸ்திரி, அதே ஷீட், அதே காற்று. காற்றுக் கூண்டுக்காரர்கள் கனவில் காண்கிற வீடு இது. "இது மட்டும் எப்படி நின்றது?" என்று பக்தவச்சலத்தைக் கேட்டேன்.

"கன்னியம்மா ஊடு சார். அது வாய்க்குப் பயந்துகினு காத்து ஒதுங்கிப் போயிருக்கும்."

கதவைத் தட்டினேன். நாற்பது வயதுப் பெண்மணி ஒருவர் வந்து, இடுப்பில் கை வைத்துக்கொண்டு, குரலைத் தாழ்த்திப் பேசினார். உள்ளே அவர் கணவர் ஏழுமலை இரவுக் காவல் வேலை முடித்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இன்னா எழுதற?"

"உங்கள் கூரை ஏன் பறக்கவில்லை என்று தெரிந்துகொள்ள வந்தேன், அக்கா."

"பறக்காதது என் தப்பா? பதினோரு ஊட்டுக்கு அரிசி குட்த்தாங்க, பொடவ குட்த்தாங்க, புது ஷீட்டு குட்த்தாங்க. என் ஊட்டாண்ட வந்து மேல பாத்தாங்க, 'உங்களுக்கு ஒண்ணும் ஆவலையே'ன்னு போய்ட்டாங்க. கூரைய ஒழுங்கா வெச்சிருந்ததுக்கு எனுக்கு நாமம். அத்த எழுது மொதல்ல."

அதையும் எழுதினேன். உள்ளே வந்து கூரையைப் பார்க்கலாமா என்று கேட்டதும் அவர் முகம் மாறிவிட்டது. "அதெல்லாம் வேணாம்" என்று கதவைச் சாத்தினார்.

கூரையை மேலிருந்து பார்க்கலாம் என்றால் ஏணி வேண்டும். ஆவடியில் இருந்த ஏணியெல்லாம் ஏதாவது ஒரு கூரையில் சாய்ந்திருந்தது. மூன்றாம் நாள் சேகர், பூந்தமல்லியில் தன் மச்சான் பெயின்டர் என்றும், அவரிடம் மூங்கில் ஏணி இருக்கிறது என்றும் சொன்னார். போகும்போது ஆட்டோ பாதி வழியில் நின்றுவிட்டது. சேகர் அதனோடு மல்லுக்கட்ட, நான் பஸ்ஸில் போய் ஏணியை வாங்கி, பஸ்ஸிலேயே திரும்பினேன். அமெரிக்காவில் பஸ்ஸில் ஒரு நாய்க்குட்டியை ஏற்றுவதற்கே விதி கேட்பார்கள். இங்கே கண்டக்டர் ஏணியை ஏற இறங்கப் பார்த்து, "இது எந்த ஸ்டாப்புல எறங்கும்?" என்று மட்டும் கேட்டார்.

ஏணி படுத்த வாக்கில், இருக்கைகளுக்கு நடுவில் இருந்த வழியில் போனது. ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறியவர்கள் படிகளுக்கு நடுவில் கால் வைத்து, நீரில் நடக்கிற கொக்கு மாதிரி தூக்கித் தூக்கி நடந்தார்கள். ஒருவரும் கோபித்துக்கொள்ளவில்லை. எனக்குப் பின்னால் இரண்டு தெலுங்குப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். எங்கள் ஈப்போ வீட்டுக்குப் பக்கத்து வீடு தெலுங்குக்காரர்கள் என்பதால் எனக்குக் கொஞ்சம் புரியும். ஒருத்தி, "பாவம், பார்த்தால் படித்தவன் மாதிரி இருக்கிறான்" என்றாள். மற்றவள், "படித்தவன் எவனாவது ஏணியைப் படுக்க வைத்துவிட்டுத் தான் நிற்பானா?" என்றாள்.

கன்னியம்மா வீட்டில் ஏறாமல், பக்கத்து வீட்டின் கூரையில்லாத சுவரில் ஏணியைச் சாய்த்து ஏறினேன். அங்கிருந்து அவருடைய கூரை முழுக்கத் தெரிந்தது. ஷீட்டைக் கீழே உள்ள கம்பியோடு பிடிக்கிற கொக்கி ஒவ்வொன்றின் தலையிலும் தடித்த கறுப்பு ரப்பர் வட்டம் ஒன்று இருந்தது. மற்ற வீடுகளில் அந்த இடத்தில் இருந்தது அப்பளம் மாதிரி மெல்லிய தகர வாஷர். காற்று குலுக்கினால் தகரம் மடங்கும், ஓட்டை பெரிதாகும், ஷீட் கழன்றுவிடும். ரப்பர் குலுக்கலை வாங்கிக்கொள்ளும். அது புரிந்தது. புரியாதது வேறு. அந்தக் கறுப்பு வட்டங்கள் நடுவில் அங்கொன்றும் இங்கொன்றுமாகவும், ஓரத்தில் நெருக்கமாகவும், மூலைகளில் ஈ மொய்த்த மாதிரியும் இருந்தன. நோட்டில் அதை அப்படியே புள்ளி வைத்து வரைந்தேன். வரைந்து முடித்ததும் அடையாளம் தெரிந்தது. பேராசிரியரின் அறைச் சுவரில் சட்டம் போட்டு மாட்டியிருக்கிற உறிஞ்சல் படம் இதேதான்.

"எறங்கு" என்று கீழேயிருந்து ஒரு குரல். கன்னியம்மா ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அடிக்கிற கோபம் முகத்தில் இருந்தது, ஆனால் குரலில் பயம்.

"யாரு அனுப்புனா உன்ன? எங்க கம்பெனிக்காரரா?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. அவர் அம்பத்தூரில் ஒரு சின்ன ரப்பர் பட்டறையில், அச்சிலிருந்து வருகிற ரப்பரின் ஓரப் பிசிறு வெட்டுகிற வேலை செய்கிறார். அச்சில் சரியாக வராமல் ஒதுக்கிய ரப்பர் வட்டங்களைச் சோற்று டப்பாவில் போட்டுக் கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குக் கொண்டுவந்திருக்கிறார். வேண்டாத பொருள்தான். ஆனாலும் கேட்டு எடுத்தது இல்லை. முதலாளிக்குத் தெரிந்தால் வேலை போய்விடும்.

"நான் யாரிடமும் சொல்ல மாட்டேன், அக்கா" என்றேன். அந்த நிமிஷத்தில் அதை மனதாரத்தான் சொன்னேன். ஆராய்ச்சிக்கு வேண்டும் என்று கேட்டதில், தயங்கித் தயங்கி ஒரு வட்டத்தை எடுத்துக் கொடுத்தார்.

நாலாம் நாள் காலை மெஸ்ஸில் டிரான்சிஸ்டர், வங்கக் கடலில் மறுபடியும் ஒரு தாழ்வு மண்டலம் என்றது. மூன்று நாளில் புயலாகக் கரை பக்கம் வரலாம் என்றது. அந்தத் தெருவில் பதினொரு வீட்டிலும் புது ஷீட்டை அதே தகர வாஷரோடு பூட்டப்போகிறார்கள். இந்த முறையும் பறக்கும். போன முறை நல்லவேளையாக யார் தலையிலும் விழவில்லை.

பட்டறைக்குப் போய், கழிவு ரப்பர் கிடைக்குமா என்று கேட்பது என்று முடிவு செய்தேன். கன்னியம்மாவின் பெயரைச் சொல்லாமல் கேட்டுவிடலாம் என்பது என் சாமர்த்தியம். அம்பத்தூருக்கு மின்சார ரயிலில் ஏறினேன். கதவோரம் நின்று, காற்றின் வேகத்தை அளக்கிற கருவியை வெளியே நீட்டிச் சோதித்தேன். மூன்று கிண்ணங்கள் விர்ரென்று சுற்றும், கீழே முள் நகரும். உள்ளேயிருந்து ஒரு அம்மாள், "அது எவ்ளோப்பா? கலர் வேற கீதா?" என்று கேட்டார். விற்கிறதற்கு இல்லை என்றேன். "அப்ப எதுக்குக் காட்ற?" என்றார். பதில் தேடுவதற்குள் அம்பத்தூர் நிலையம் கண் முன்னால் ஓடி மறைந்தது. நான் ஏறியது அங்கே நிற்காத வண்டி. பெரம்பூரில் இறங்கித் திரும்பி வந்தபோது மணி பன்னிரண்டு.

பட்டறை முதலாளி வெள்ளை அரைக்கைச் சட்டை போட்ட, மரியாதையான மனிதர். எனக்கு டீ சொன்னார். அமெரிக்கா என்றதும் பிஸ்கட்டும் சொன்னார். நான் உறிஞ்சலைப் பற்றி விளக்கி, "இது மாதிரி ரப்பர் இருந்தால் கூரைகள் நிற்கும்" என்று சொல்லி, கையிலிருந்த வட்டத்தை மேஜை மேல் வைத்தேன்.

அவர் அதைத் திருப்பினார். பின்பக்கம் அச்சில் வார்த்த ஒரு எண் இருந்தது. நான் பார்த்திருக்கவில்லை.

"இது நம்ம சரக்கு. எங்கே கிடைச்சுது?"

"சேக்காட்டில் ஒரு வீட்டில்..."

"கன்னியம்மாவைக் கூப்பிடு" என்று உள்ளே குரல் கொடுத்தார். சேக்காட்டிலிருந்து வருகிறவர் அவர் ஒருவர்தானாம்.

கன்னியம்மா வந்து மேஜை மேல் இருந்ததைப் பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் இன்றுவரை மறக்கவில்லை. கடித்த பிஸ்கட்டைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

"இதை நீ எடுத்துக்கிட்டுப் போனியா?"

"குப்பைலேர்ந்து எட்த்தேன் மொதலாளி. நீங்கதான் அத்தக் கொளுத்தச் சொல்வீங்க. கொளுத்துனா நாறுது, பக்கத்துக் கம்பெனிக்காரரு சண்டைக்கு வராரு. நான் டப்பால எட்த்துகினு போயி உங்க மானத்தக் காப்பாத்திகினு கீறேன்."

"கேட்டு எடுத்திருக்கணும். நாளையிலேர்ந்து வராதே."

கன்னியம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நின்றார். நான் எழுந்துவிட்டேன். என்ன சொன்னேன் என்று சரியாக நினைவில்லை. தப்பு என்னுடையது, இவருக்கு வாக்குக் கொடுத்துவிட்டு வந்தேன், அமெரிக்காவில் பெரிய பெரிய படிப்பாளிகள் பல வருஷம் மெனக்கெட்டுக் கண்டுபிடித்ததை இவர் தனியாகக் கண்டுபிடித்திருக்கிறார் என்றெல்லாம் ஈப்போத் தமிழும் ஆங்கிலமும் கலந்து கொட்டினேன். முதலாளி அசையவில்லை. அப்போது ஒரு சொட்டு மழைத் தண்ணீர் அவருடைய டீயில் விழுந்தது.

மூன்று பேரும் மேலே பார்த்தோம். பட்டறைக் கூரையின் மூலையில் இரண்டு ஷீட் இல்லை. அங்கே தார்ப்பாய் கட்டியிருந்தது. கீழே மிஷினுக்குக் குடை விரித்து வைத்திருந்தார்கள்.

"அந்த மூலதான் போவும்னு போன வருசமே மேஸ்திரிகிட்ட சொன்னேன்" என்றார் கன்னியம்மா.

"உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியும்."

முதலாளி டீயைத் தள்ளி வைத்தார். கொஞ்ச நேரம் தார்ப்பாயையே பார்த்தார். "புயல் வருதாமே. நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள இந்தக் கூரையைப் பூட்டிக் கொடுக்க முடியுமா?" என்று கேட்டார். கேட்டது என்னிடமா அவரிடமா என்று தெரியாமல் நான் வாயைத் திறந்தேன். "முடியும்" என்று கன்னியம்மா சொல்லிவிட்டார். "ஆனா எனுக்கு ரெண்டு மூட்ட கழிவு ரப்பர் ஓணும். எங்க தெருவுக்கு." அப்படித்தான் அவர் வேலை தப்பியது. என் வக்காலத்து வேலை செய்யவில்லை, ஒழுகல்தான் செய்தது.

பட்டறையை விட்டு வெளியே வந்ததும் கன்னியம்மா, "யாராண்டயும் சொல்ல மாட்டேன்னியே" என்றார். நான் தலை குனிந்தேன். "ஏணி வெச்சிருக்க இல்ல, எட்த்துகினு வா" என்றார்.

அடுத்த நாள் மாலை வரை பட்டறைக் கூரை. அன்று மாலையும் அதற்கடுத்த நாளும் சேக்காட்டுத் தெரு. சேகர் ஆட்டோவில் ரப்பர் மூட்டைகளும், வெல்டிங் கடையில் கம்பியை வளைத்துச் செய்த கொக்கிகளும் வந்தன. கன்னியம்மா கீழே நின்று, நான் வரைந்த புள்ளிப் படத்தைப் பார்த்து உத்தரவு போட்டார். கூரை மேல் நானும் சேகரும். முதல் வீட்டில் என் கால் பட்டு ஒரு ஷீட்டே உடைந்தது. அதற்குப் பிறகு என் பட்டத்துக்கு அங்கே மதிப்பில்லை. "மலேசியா, நீ கொக்கி எட்த்துக் குடு, போதும்" என்று கீழே இறக்கிவிட்டார்கள்.

ஏழு வீடு முடிந்தது. மற்ற நாலு வீட்டில் ஒன்று, ராகு காலம் முடியட்டும் என்றது. முடிந்ததும் எமகண்டம் வந்துவிட்டது. இரண்டு வீடு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடந்தது. நாலாவது பக்தவச்சலம். அவர் தையல் மிஷினை விட்டு எழுந்திருக்கவே இல்லை.

"இது ஆந்திராவுக்குப் போயிரும் சார். எப்பவும் அப்டிதான். பேப்பர்ல பேரு நம்முளுது, புயலு அவுங்களுது."

ஏழாம் நாள் காலை பத்து மணிக்கு வானம் பழைய அலுமினியச் சட்டி நிறத்துக்கு வந்தது. நான் கன்னியம்மா வீட்டுக்குப் போனேன். புயலைப் பார்க்காத ஆராய்ச்சியாளன் என்ற பெயர் அன்றோடு போய்விடும் என்ற ஆசை ஒரு பக்கம். நான் பூட்டச் சொன்ன கூரைகள் என்ன ஆகுமோ என்ற கிலி ஒரு பக்கம். பதினொரு மணிக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டுக்குக் காற்று வந்தது.

அதை நான் எப்படிச் சொல்வது? ஆய்வுக்கூடத்தில் காற்று என்றால் ஒரு விசிறி, ஒரு எண். இங்கே சுவர் வழியாக அது என் முதுகுக்குள் நுழைந்தது. கதவு தாழ்ப்பாளோடு சேர்ந்து மூச்சு விட்டது. அளக்க வேண்டும் என்ற கடமை உணர்ச்சியில் கதவை ஒருக்களித்துத் திறந்து கருவியை நீட்டினேன். மூன்று கிண்ணங்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்று தெருவில் பறந்தன. கைப்பிடி மட்டும் என்னிடம் மிஞ்சியது. கதவைச் சாத்திவிட்டு மூலையில் உட்கார்ந்தேன். கட்டிலில் ஏழுமலை வாயைத் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். கன்னியம்மா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். என் கையில் இரண்டு வெங்காயத்தைத் திணித்து, "பயமா கீதா? உரி" என்றார்.

உரித்தேன். கண்ணீருக்குக் காரணம் கிடைத்தது. கொஞ்ச நேரம் கழித்து, இத்தனை நாளாகக் கேட்க வேண்டும் என்று வைத்திருந்ததைக் கேட்டேன்.

"மூலையில் அதிகமாகப் போட வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது, அக்கா?"

"யாரு சொல்லணும்? இந்த மனுசன் பகல்ல தூங்கணும். ஆடிக் காத்துல ஷீட்டு தடதடன்னு ஆடும். தூக்கம் கெட்டா எங்கிட்ட சண்ட. ஒரு நாளு நானும் பக்கத்துல பாயப் போட்டு மல்லாக்கப் படுத்துகினு, எங்கேர்ந்து சத்தம் வருதுன்னு காதக் குட்த்துக் கேட்டேன். அந்த எடத்துல ஒரு ரப்பரு வெச்சேன். அது நின்னுச்சி, வேற எடத்துல சத்தம். அங்க ஒண்ணு. சத்தம் நிக்கற வரைக்கும் போட்டுகினே இருந்தேன். ரெண்டு வருசம் ஆச்சி."

"அப்படியானால் புயலுக்காக இல்லையா?"

"புயலு எப்பயோ வரும். இவரு தெனம் தூங்கணும்ல."

என் பேராசிரியர் பொம்மைக் கூரைகளில் நூற்றுக்கணக்கான ஊசித் துளைகள் போட்டு, ஒவ்வொன்றிலும் குழாய் செருகி, காற்று எங்கே இழுக்கிறது என்று கண்டார். இந்த அம்மாள் பாயில் படுத்துக் கண்டிருக்கிறார். ஏழுமலை புரண்டு படுத்தார். மேலே கூரை 'ம்ம்' என்று ஒரே சுருதியில் முனகியதே தவிர, தடதடக்கவில்லை.

மூன்று மணிக்குக் காற்று ஓய்ந்தது. பக்தவச்சலம் சொன்னதில் முக்கால்வாசி உண்மை. புயல் வடக்கே திரும்பி ஓரத்தால் மட்டும் எங்களை உரசிவிட்டுப் போயிருந்தது. தெருவுக்கு ஓடி வந்து எண்ணினேன். நாங்கள் பூட்டிய ஏழும் நின்றன. தகர வாஷரோடு விட்ட நாலில் மூன்றும் நின்றன. பக்தவச்சலத்தின் ஷீட்டுகள் மட்டும் போயிருந்தன. பத்திரமாக அவரும் மிஷினும் மேஜைக்கடியில் இருந்தார்கள். ஆராய்ச்சி முறைப்படி இதை வெற்றி என்று எழுத முடியாது. பேராசிரியர் ஒத்துக்கொள்ள மாட்டார். ஆனாலும் ஈரத் தெருவின் நடுவில் நின்று நான் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

சிரிப்பு மறுநாள் காலை பத்து மணி வரை நீடித்தது. அப்போது நிவாரண அதிகாரிகள் ஜீப்பில் வந்தார்கள். தெருவின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நடந்தார்கள். பக்தவச்சலத்துக்கு அரிசி, வேட்டி, புடவை, புது ஷீட் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனார்கள்.

தெரு என் பக்கம் திரும்பியது.

"ஒழுங்கா பறக்கறத இழுத்துக் கட்டி வெச்சிட்டியே சார்" என்றார் ஒருவர். "வேல மெனக்கெட்டு ரெண்டு நாளு ஏணிய வேற புட்சிகினு நின்னேன்" என்றார் இன்னொருவர். பக்தவச்சலம் புது வேட்டியை உதறி மடித்துக்கொண்டே, "நான்தான் சொன்னேனே" என்றார். என்ன சொன்னார் என்று யாருக்கும் நினைவில்லை. ஆனால் அவர் சொன்னதுதான் சரி என்று எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள். சேகர் என்னை ஆட்டோவில் ஏற்றி, "இப்ப பேசாத சார், குந்து" என்றார். இந்த முறை நான் உடனே குந்தினேன்.

ஊருக்குக் கிளம்புகிற அன்று காலை பஸ் நிறுத்தத்தில் கன்னியம்மாவைப் பார்த்தேன். கையில் சோற்று டப்பா, வேலைக்குப் போய்க்கொண்டிருந்தார். பட்டறையில் முதலாளி இப்போது மழைத் தூறல் விழுந்தால்கூட அவரைக் கூப்பிட்டு மேலே பார்க்கச் சொல்கிறாராம். "பிசிறு வெட்ட உட மாட்டேங்கறாரு, பேஜாரு" என்றார். அதில் அலுப்பைவிடப் பெருமைதான் அதிகம் தெரிந்தது. பிறகு கேட்டார்:

"உங்க வாத்தியாரு ஊடு இன்னா கூர?"

மரச்சட்டம், மேலே ஓடு மாதிரி அடுக்கிய மெல்லிய பலகைகள் என்றேன். உண்மையை மறைப்பானேன் என்று அதையும் சொன்னேன். நான் அங்கே சேர்வதற்கு முந்தின வருஷம் வந்த புயலில் அவர் வீட்டுக் கூரையில் பாதி பறந்துவிட்டது.

"புயலப் பத்தி பாடம் நடத்தறவரு ஊடா?"

"ஆமாம்."

அத்தனை நாளில் அன்றுதான் அவர் சிரித்துப் பார்த்தேன். பஸ் வந்து நின்ற பிறகும் சிரிப்பு நிற்கவில்லை. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, "அவரையும் பாயில படுக்கச் சொல்லு" என்றார். பஸ் போய்விட்டது.

திரும்பிப் போய்ப் பேராசிரியரிடம் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். புள்ளிப் படத்தை வாங்கித் தன் சுவர்ப் படத்துக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்தார். கட்டுரையில் கன்னியம்மாவின் பெயரையும் சேர்க்க வேண்டும் என்றார். எந்தப் பல்கலைக்கழகம் என்று போடுகிற இடத்தில் என்ன எழுதுவது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. சேக்காடு என்று எழுதினோம்.

இரண்டு மாதம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவருடைய மனைவி எனக்கு டெலிபோன் செய்தார். வெளியே நல்ல காற்று.

"இந்த மனிதர் ஒரு மணி நேரமாகக் கூடத்துத் தரையில் மல்லாந்து கிடக்கிறார். நான் பாத்திரம் கழுவக்கூடாதாம், சத்தம் வருகிறதாம். நீ இந்தியாவில் என்னதான் கற்றுக்கொண்டு வந்தாய்?" என்று கேட்டார்.

நான் பதில் சொல்வதற்குள், போனில் தூரத்தில் பேராசிரியரின் குரல் கேட்டது.

"வடகிழக்கு மூலை. ஏணி எங்கே?"